மச்சானின் ஈர மூட்டை

ஹலோ... ஹலோ, யாரு?... சத்தமா பேசுங்க, இங்க மெஷின் ஓடுது... யாரு, மச்சானா?... அட. புது நம்பர்னு நினைச்சேன்... ஆமா, உன் நம்பரை அழிச்சிட்டேன். நான்தான் அழிச்சேன்... சரி சரி, சொல்லு.

இருக்கேன்ப்பா... நல்லாத்தான் இருக்கேன். கால் ரெண்டும்தான் மரக்கட்டையாயிடுச்சு. காலையிலேருந்து நின்னுக்கிட்டே படுக்கை விரிப்பா மடிக்கிறேன்... உங்கக்காவா? பக்கத்துலதான், இஸ்திரி போடுறா. யாருன்னு கண்டுபிடிச்சிட்டா போல, ஒரே தலையணை உறையத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறா... இல்ல, பேச மாட்டா. இப்ப கேக்காத.

ம்... ம்... கேள்விப்பட்டேன். உனக்குத் துணி போடுற ஓட்டல்காரங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்கன்னு, நம்மளுக்குச் சோப்பு கொண்டுவர்றவரு சொன்னாரு... சந்தோஷமா? எனக்கா?... இருடா, இரு. நாம ரெண்டு பேரும் கூட்டா நடத்துன லாண்டரி தீப்பிடிச்சு எரிஞ்சுது. கரி வாடை போறதுக்குள்ள, இருந்த ஓட்டலையெல்லாம் இழுத்துக்கிட்டுத் தனிக்கடை போட்டவன் நீ... தெரியும், தெரியும், நீ பேசிப் புடிச்ச ஓட்டலுங்க. அதையே எத்தனை தடவை சொல்லுவ?... சந்தோஷப்படணும்னுதான் நானும் பார்த்தேன். வரலை. அலுப்புதான் வந்துச்சு.

என்னது?... எப்படி எந்திரிச்சேனா? எந்திரிச்சிட்டேன்னு எவன் சொன்னான்? படுத்துக் கிடக்க நேரமில்ல, அவ்வளவுதான். ஒரு பல் டாக்டர் துவைக்கத் துண்டு குடுத்தாரு. கையாலயே துவைச்சேன், உங்கக்கா கறை எடுத்தா. சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் வச்சோம். அவரு இன்னொருத்தர்கிட்ட சொன்னாரு... இல்லப்பா, வேற ரகசியமெல்லாம் இல்ல. இருந்தா அதையும் வித்திருப்பேன்.

ஹலோ?... மச்சான்?... அழுறியா?... சரி. அழுதுக்கோ. நான் மடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.

...ம். இப்ப சொல்லு... மெஷின் மோட்டார் எரிஞ்சிடுச்சா? எப்ப?... மிச்சம் இருக்கறது அந்த ஒரு ஓட்டல்தானா... விடிஞ்சா விரிப்பு போய்ச் சேரணும், பாதித் துவையல்ல நின்னுபோச்சு... ஆமா, ஆமா. இதுவும் தவறினா அவங்களும் போயிடுவாங்க. புரியுது... புரியுதுடா, எனக்குத் தெரியாதா அது?

இரு... ஏய், என்ன பண்ற நீ?... மச்சான், உங்கக்கா பெரிய மெஷினைக் காலி பண்ணிக்கிட்டிருக்கா. நான் ஒண்ணும் சொல்லலை... பேசமாட்டாதான். காலி பண்றா, அவ்வளவுதான்.

கொண்டு வா... சேச்சே, அந்த ஓட்டல் எனக்கெதுக்கு? இங்க துவை, இங்க காய வை, உன் வண்டியில ஏத்து, உன் பேரைச் சொல்லிக் குடு... கூட்டா? திரும்பவுமா? வேணாம்ப்பா. அந்தப் பேச்சே எடுக்காத, உடம்புல தெம்பில்ல. இன்னைக்குத் துணிய மட்டும் பாப்போம்... சரி சரி... போதும், விடு.

இங்க வர எவ்வளவு நேரமாகும்?... என்னது?... தெருமுனையிலயா நிக்கிற?... மத்தியானத்துலேருந்தா!... அடப்பாவி, ஈர மூட்டையோடயா? நாறிப் போயிடும்டா! வண்டிய உள்ள விடு முதல்ல. வை போனை!