கட்டைவிரலைத் தூக்கினால் போகலாம்

ஏர்போர்ட்டுக்குள் காடியை நிறுத்திவிட்டு நாலு நாள் பறந்துவிட்டு வந்தால், பார்க்கிங் காசு கட்டியே ஆள் ஓய்ந்துவிடுவான், டீச்சர். பைலட்டுக்கும் அதே விலைதான், கம்பெனி தராது. விக்னேஸ்வரன் அண்ணன் அப்படித்தான் எங்கள் இடத்துக்கு வந்தார்.

நீங்கள் தூங்கியிருப்பீர்கள். இந்த வாய்ஸ் மெசேஜைக் காலையில் கேட்டால் போதும்.

ஏர்போர்ட் இருக்கிற கெப்பாலா பத்தாஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி நிலத்தில் அப்பா கல் கொட்டி, தகரம் போட்டு, வெளியூர் போகிறவர்களின் காடிகளை நிறுத்த விட்டிருக்கிறார். விக்னேஸ்வரன் அண்ணன் எங்களுக்குச் சொந்தமில்லை. கோலா கெத்தில் என்ற ஊர்த் தோட்டத்தில் அப்பாவோடு ரப்பர் மரம் சீவியவரின் மகன். வீட்டில் எல்லாருக்கும் நான் ‘ஏய்’. அவருக்கு மட்டும் ‘கேப்டன்’.

“என்னா கேப்டன், ரன்வே கிளியரா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

விமானத்துக்குக் காட்டும் சைகைகளை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலைத் தூக்கினால் எல்லாம் சரி, போகலாம். இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்கே வைத்தால் நிறுத்து. நான் காடிக்கு முன்னால் நின்று காட்டுவேன். அவர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார்.

“மேல உக்காந்திருக்கறவனுக்குக் கீழ நிக்கற ஆள் கைதான் கண்ணு, ஷாமளா. நம்பலைன்னா வேல செய்ய முடியாதுலா.”

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாள் கணக்கில் நின்ற காடி, எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வெளியே போகக்கூடாது. காடியை ரிவர்ஸில் எடுப்பதால் பழத்தைப் பின் டயருக்குக் கீழே வைக்க வேண்டும். அது என் தம்பி காளிதாசனின் வேலை. ஏழு வயது; குனிந்தால் வெளியே தெரியமாட்டான். அவன் வைத்துவிட்டு ஓடிவந்த பிறகுதான் நான் கட்டைவிரலைத் தூக்குவேன்.

போன மாதம் அண்ணன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க எழுதிக் குடுக்கற ரெசிட்டு வரிக்குச் செல்லாதாம், என் கணக்குப் பாக்கறவன் சொல்றான். உள்ளயே வுட்டா வெல அதிகம்தான், ஆனா வரில கழிக்கக் கேட்டுப் பாக்கலாமாம். அடுத்த மாசத்துலேர்ந்து அங்கயே வுட்டுக்கறேன்.”

அப்பா சிரித்தார். “அதுக்கென்னாலா தம்பி. ஒரு காடி போனா இன்னொன்னு வரும்.”

அப்பாவுக்குக் காடி எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. அண்ணன் நல்லவர்; காரணம் இருந்தால் வருவார். காரணம் இல்லாததுதான் குறை என்று எனக்குப் புரிந்தது.

அன்று அவர் கடைசியாகக் காடி எடுக்க வந்தார். காளி பழத்தை வைத்துவிட்டு எழுந்தான்.

“உருண்டுபோச்சுடா,” என்றேன். “உள்ள கைய வுட்டு நல்லா தள்ளு.”

“வச்சிட்டேன்க்கா.”

“சரியா வைடா. அண்ணன் பாக்கறாருல்ல.”

அவன் மறுபடியும் குனிந்தான். காடிக்குள் அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

நான் நினைத்தது கை மட்டும்தான், டீச்சர். கை உடைந்த பையனைப் பார்க்க ஒருவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். காளிதான் நான் சொன்னதற்கும் மேலாகத் தலையை உள்ளே விட்டுவிட்டான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை இல்லை அவன்.

பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்கே வைத்தேன். அண்ணன் அந்த நிமிடமே நிறுத்தினார். அவ்வளவு ஒழுங்கானவர்.

போலீஸ் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. அழுகிற பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. பையன் பழத்தை எடுக்கத் திரும்பி ஓடியிருப்பான் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை.

அண்ணன் இப்போது பறப்பதில்லை. ஆனால் தினமும் வருகிறார். காடியைப் பழைய இடத்திலேயே விடுகிறார். ரெசிட் கேட்பதில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருப்பார். திரும்பும்போது, நான் முன்னால் போய்க் கட்டைவிரலைத் தூக்கும்வரை காடியை எடுக்கமாட்டார். என் கையையே பார்ப்பார். முன்பைவிட அதிகமாக என்னை நம்புகிறார்.

இன்று சாயங்காலம்தான் எனக்குப் பயம் வந்தது.

“கோர்ட்டுல தப்பு என்னுதுதான்னு சொல்லப்போறேன், கேப்டன்,” என்றார். “உள்ள போட்டாலும் பரவால்ல. நான் கண்ணாடியப் பாத்திருக்கணும்.”

அதிலிருந்து தூக்கம் இல்லை. உள்ளே போட்டுவிட்டால் எப்படி வருவார்?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். காளி கீழே இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையைக் காட்டினேன். அண்ணன்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், டீச்சர். தெரிந்தால் மனசு லேசாகிவிடும். முன்பு மாதிரியே சிரித்துக்கொண்டு வந்து காடியை இங்கேயே விடுவார்.