புறங்கை நாடி

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும்... இதே ரோடுதான். அமரவிளைக்கு இந்தப் பக்கம். அப்பம் ரெண்டு பக்கமும் மரச்சீனிக் கிழங்கு விளையும் தென்னையும் ஆக்கும், ஒரு கடைகூட கிடையாது. மழை பெஞ்சு விட்ட நேரம். ஒரு காளைவண்டி வருது. மாட்டுக்க கழுத்துல மணி இல்ல. வண்டியில விளக்கு இல்ல. அச்சு மட்டும் கிறீச்... கிறீச்...

எலே செல்லசாமி, அந்த டார்ச்ச அணைச்சுப் போடு. டயர் மாத்துகவன் வெளிய மாத்தட்டும், நீ வேனுக்குள்ள வெளிச்சம் அடிச்சு என்ன செய்யப் போற? விலாசினி, நீ இஞ்ச தள்ளி இரி. கிறிஸ்மஸ் கேரல் பாடிப் பாடி எல்லாருக்கும் தொண்டை போச்சு, இனி பாட்டு வேண்டாம். எனக்க கூட நர்சிங் படிச்ச சுகிர்தபாய் உண்டும்லா, அவளுக்க மாமன், அம்மைக்குக் கூடப்பிறந்த அண்ணன், ஞானையன்... அவருக்கு நடந்ததாக்கும் இது.

வருஷம் அம்பத்து நாலு. நம்ம தமிழ் ஆளுக தமிழ்நாட்டோட சேரணும்னு போராட்டம் நடத்துன சமயம். கிழக்க போலீசு வெடிவெப்பு நடந்து, குண்டு பட்டு ஆளும் செத்தாச்சு. பின்ன வீடு வீடாத் தேடல். குண்டுக் காயம் உள்ளவனப் பிடிச்சிட்டுப் போவாங்க, அவனுக்கு மருந்து வச்சுக் கட்டுனவனையும் சேத்து. அதனால அடிபட்டவன் ஆசுபத்திரிக்குப் போகப் பேடிப்பான்.

ஞானையன் ஒரு மிஷன் டிஸ்பென்சரியில டிரெசர். காயம் கழுவுகது, கட்டு போடுகது, டாக்டர் இல்லாத நாள்ல நாடி பாக்கது எல்லாம் அவருதான். கைய அவருகிட்டக் கொடுத்தா போதும். நகத்த அமுக்கி விடுவாரு, வெளுத்த நகம் உடனே சிவக்குதா, தாமசிச்சு சிவக்குதான்னு பாப்பாரு. விரல மடக்கச் சொல்லுவாரு, விரிக்கச் சொல்லுவாரு, ஒவ்வொரு விரலையும் பெருவிரலோட தொட வைப்பாரு. எந்த நரம்பு போச்சு, எது பொழைச்சுதுன்னு அதுல தெரிஞ்சு போவும். குடியிருப்பும் அங்கதான், பின்னால. அந்த வருஷம் மட்டும் ராத்திரி கதவு தொறக்க மாட்டாரு. சன்னல்ல கம்பிக்குப் பதிலா மர அழி உண்டு. வந்தவன் பேரு சொல்ல வேண்டாம், அழிக்கூடி கைய நீட்டணும். கையப் பாத்துட்டு, அவசரம்னு கண்டா கதவு தொறப்பாரு.

நாடி எங்க பாக்கதுன்னு தெரியும்லா? விலாசினி, கை தா. உள்ளங்கை மேல இருக்கட்டும். மணிக்கட்டுல, பெருவிரலுக்கு நேர கீழ... இந்தா. துடிக்குதா? எல்லாருக்கும் இஞ்சதான். செல்லசாமி, பெருவிரலால அமுக்காதல, மூணு விரல வை. ஏன்னு பின்ன சொல்லுகேன்.

அந்த வண்டி சன்னலுக்கு நேர வந்து நின்னுது. ரெண்டு பேரு, செங்கல்ங்குற ஊருப் பக்கத்து ஆளுக. "டிரெசரே, நம்ம பொன்னையன் குண்டு பட்டுக் கிடக்கான். ஒண்ணு வந்து பாத்துச் சொல்லும்." அவ்வளவுதான் பேச்சு. ஞானையன் வெளிய இறங்கினாரு. விளக்கு எடுக்கல்ல. பாலத்துப் பக்கம் ஜீப்பு சத்தம் கேக்குது. வண்டியில ஈரச் சாக்கு மூடிக் கிடக்கு, அதுக்க அடியில இருந்து ஒரு கை தொங்குது. பிடிச்சாரு. மூணு விரல வச்சாரு.

ஒண்ணும் இல்ல...

நகத்தப் பாக்க வெளிச்சம் இல்ல. நெஞ்சுல வச்சுக் கேக்குற குழல் உள்ள மேசைமேல இருக்கு. போய் எடுத்துட்டு வந்தா கொறச்சு நேரம்தான். ஜீப்பு கிட்ட வருகது மாதிரி இருக்கு.

"தீந்துபோச்சு. கொண்டு போங்க."

கொண்டு போனாங்க. போதகர் இல்ல, ஜெபம் இல்ல. வெளுக்கும் முன்ன ஒரு மரச்சீனி விளையில குழி வெட்டி மூடியாச்சு. ஜீப்பு அந்தப் பக்கம் வரவே இல்ல, வேற வழிக்குத் திரும்பிப் போச்சு.

ஞானையன் உள்ள வந்து கை கழுவினாரு. அப்பம்தான் அவருக்கு ஓர்மை வந்துது. அந்தக் கையில சூடு இருந்துது.

செத்தவனுக்கும் கொறச்சு நேரம் சூடு இருக்கும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அன்னையில இருந்து மனுஷன் மனசறிஞ்சு சோறு தின்னல்ல. "நான் குழல எடுக்கப் போகல்ல. எனக்கத் தோல காப்பாத்த ஆக்கும் அந்த வார்த்தையச் சொன்னது." பெண்டாட்டிகிட்ட இதையே சொல்லிச் சொல்லி அழுவாராம். "நாடி இல்லன்னா இல்லதானே"ன்னு அவ சமாதானம் சொல்லுவா. அந்த ஒண்ணப் பிடிச்சிட்டுத்தான் அவரு நடமாடினாரு.

பின்ன ஒரு மழை ராத்திரி... கிறீச்... கிறீச்... வந்து நின்னுது. மாடு மூச்சு விடுகது கேக்கல்ல. அழிக்கூடி ஒரு கை உள்ள நீளுது. வலது கை. இந்தத் தடவ அரிக்கேன் எரியுது, நல்லாத் தெரியுது. நகத்துக்க இடையில எல்லாம் செம்மண்ணு. ரெண்டு நகம் பாதியில ஒடிஞ்சிருக்கு. புதுசா வெட்டின மண்ணுக்க மணம்... கூட, பச்ச மரச்சீனிய ஒடிச்சா வருமே, அந்த மணம்.

"என்ன செய்யுது?"ன்னு கேட்டாரு.

பழகின கை சும்மா இருக்குமா. "விரல மடக்கு." மடக்கிச்சு. "விரி." விரிச்சுது. "பெருவிரலால சுண்டுவிரலத் தொடு." தொட்டுது. நரம்பெல்லாம் சரி. நகத்த அமுக்கி விட்டாரு... வெளுத்தது வெளுத்தபடி இருக்கு. சிவக்கல்ல. மணிக்கட்டுல மூணு விரல வச்சாரு. நாடி இல்ல. நாடி இல்லாத கை, சொன்ன சொல்லெல்லாம் கேக்குது.

அவரு விட்டுட்டாரு. கை போகல்ல. பைய... திரும்பிச்சு. உள்ளங்கை கீழ, புறங்கை மேல. அப்படியே நிக்குது, என்னத்தையோ காட்டுகது மாதிரி. ஞானையன் விளக்க அணைச்சிட்டுச் சொவரோட சேந்து இருந்தாரு. விடிஞ்சு பாத்தா அழியில செம்மண்ணு ஒட்டியிருக்கு.

மழை ராத்திரியெல்லாம் வரும். திரும்பும். புறங்கையக் காட்டும். என்ன வேணும்னு அவருக்கு மனசிலாகல்ல.

ஒரு நாள் பகல்ல டிஸ்பென்சரிக்கு ஒரு பெண்ணு காய்ச்சலோட வந்தா. கிருபாபாய். அவரு கையப் பிடிச்சாரு. நாடி இல்ல... முன்னால இருந்து இருமுகா, மூக்கு சிந்துகா, நாடி இல்ல. அவருக்க முகம் போன போக்கப் பாத்து அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு.

"பேடிக்காதீரும் டிரெசரே. எங்க குடும்பத்துல அங்க கிட்டாது." கையத் திருப்பிக் காட்டினா. "இஞ்ச பாரும், பெருவிரல் நரம்புக்கு மேலகூடி ஆக்கும் ஓடுகது. அப்பனுக்கும் இப்படித்தான். எனக்க அண்ணன் பொன்னையனுக்கும் இப்படித்தான்."

அப்படி உண்டு, கேட்டியளா. சிலருக்கு ரத்தக் குழாய் மணிக்கட்டுக்கு வரும் முன்னமே புறங்கைப் பக்கம் திரும்பிப் போவும். அபூர்வம். இத்தனை வருஷ வேலையில நானே ரெண்டு பேரத்தான் பாத்திருக்கேன்.

ஞானையன் அங்க விரல வச்சாரு. காய்ச்சல் நாடி, துள்ளிச்சு. அவ மருந்து வாங்கிட்டுப் போகும்போ நின்னு சொன்னாளாம். "அண்ணன கடைசியா நீரு ஆக்கும் பாத்ததுன்னு வண்டிக்காரன் சொன்னான். அந்த நேரத்துலயும் வெளிய இறங்கி வந்தீரே. நல்லா இருப்பீரு."

அதுக்கு அவ அவரத் திட்டியிருக்கலாம், அடிச்சிருக்கலாம்... இவ்வளவு வலிச்சிருக்காதுன்னு பின்ன சொன்னாராம்.

அன்னைக்கு மழை இல்ல. ஆனா அவரே சன்னலத் தொறந்து வச்சு, அரிக்கேனத் தூண்டி விட்டு, இருந்தாரு. கிறீச்... கிறீச்... கை வந்துது. வரும்போதே புறங்கை மேல. ஞானையன் விரல வச்சாரு.

அடிக்குது. நல்ல பலமா அடிக்குது.

"இருக்கு மக்கா. உயிரு இருக்கு. நான் பாக்கல்ல. என்ன மன்னிச்சுப் போடு." அவரு அழுதாரு. அப்பம் அந்தக் கை திரும்பி அவருக்க மணிக்கட்டப் பிடிச்சுது. டிரெசர் பிடிப்பாரே, அதே பிடி. மூணு விரலு, பெருவிரலுக்கு நேர கீழ. ரொம்ப நேரம் வச்சிருந்து... விட்டுது. பின்ன அது வரவே இல்ல.

காலையில முகம் கழுவும்போ தன் நாடியப் பாத்தாரு. இல்ல. புறங்கையில தொட்டாரு. அங்க அடிக்குது.

டாக்டருகிட்டக் காட்டினா, "பிறவியில உள்ளதாக்கும், நீரு இப்பம்தான் கண்டீரு"ன்னு சிரிச்சாரு. முந்தா நாள் வரைக்கும் இஞ்ச இருந்துதுன்னு சொன்னா யாரு நம்புவா? ஞானையன் பாக்கவங்ககிட்டயெல்லாம் கெஞ்சினாரு. "நான் போனா அவசரப்பட்டு மூடாதுங்க. புறங்கையப் பாத்துட்டு மூடுங்க." மறை கழண்டு போச்சுன்னு ஊரு சொல்லிச்சு. சின்னப்பிள்ளை சுகிர்தத்துக்கு மட்டும் அது விளையாட்டு. மடியில ஏறி இருந்து, மாமனுக்கப் புறங்கைய அமுக்கிப் பாத்துச் சிரிப்பா. "ஆமா மக்ளே, இஞ்சதான். நான் போனா நீ பாக்கணும். பாத்துச் சத்தமாச் சொல்லணும்." அவளும் சரின்னு சொன்னா.

மாநிலத்துக்கு எல்லைக் கோடு போட்டு, தமிழ்நாட்டோட சேக்காம நம்மள இந்தப் பக்கம் விட்டானே, அம்பத்தாறு, அந்த வருஷம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நெய்யாற்றின்கரையில இருந்து டாக்டர் வந்தாரு. குழல் வச்சாரு, கண்ணுல வெளிச்சம் அடிச்சாரு, எல்லாம் முறையாச் செஞ்சிட்டுத்தான் உயிரு போச்சுன்னு சொன்னாரு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. மறுநாள் பெட்டி வந்து, பாட்டு பாடி, முத்தம் கொடுக்கவங்க கொடுத்து முடிச்சாச்சு. பிள்ளை பேடிக்கும்னு பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தாங்க, சுகிர்தம் அங்க இருந்து ஒரே ஓட்டம். மூடி கையில எடுத்தாச்சு, அப்பம்தான் உள்ள வந்து விழுந்தா. முத்தம் கொடுத்தா. யாரும் பாக்காம கையத் திருப்பி... பெருவிரல வச்சா.

அடிச்சுது.

நிமிந்து பாத்தா, போதகர் நிக்காரு. டாக்டர் நிக்காரு. அப்பன் நிக்காரு. "மாறி நில்லு மக்ளே, நேரமாச்சு." எட்டு வயசுப் பிள்ளைக்கு வாய் தொறக்கல்ல. மாறிக் கொடுத்தா. பின்ன ஆணி அடிக்குற சத்தம்.

பத்து வருஷம் கழிச்சு நாங்க நர்சிங் சேந்தோம். நாடி பாக்கப் படிப்பிச்ச டீச்சர் சொன்னாங்க, பெருவிரல வைக்கப்படாது, அதுல நம்ம நாடியே அடிக்கும், நோயாளிக்குள்ளதுன்னு தோணிப்போவும்னு. அன்னைக்கு ராத்திரி சுகிர்தம் எனக்கக் கட்டில்ல வந்து இருந்து அழுதா. சந்தோஷம் ஆக்கும். "அது எனக்க நாடி விமலா. எனக்கப் பெருவிரலுக்க நாடி. இத்தனை வருஷமா நான் மாமன உயிரோட புதைக்க விட்டேன்னுல்லா நெனச்சேன்." நான் அவளப் பிடிச்சுக் கிடத்தி ஒறங்க வச்சேன்.

வெளுக்கப் போகும்போ முழிச்சேன். அவ எழும்பி இருட்டுல இருக்கா.

"விமலா... நான் அன்னைக்கு ஓடி வந்தவ. எனக்க நெஞ்சு படபடான்னு அடிச்சிட்டு இருந்துது."

"சரி. அதுக்கு?"

அவ எனக்கக் கைய எடுத்தா. திருப்பினா. பெருவிரலப் புறங்கையில வச்சா.

"ஆனா விரலுக்கக் கீழ படபடான்னு இல்ல, இப்படி ஆக்கும் அடிச்சுது"ன்னு சொல்லி, ஒரு தடவ அமுக்கினா.

...

...

பின்ன, ஒரு தடவ.