ஈயத்தில் ஓர் எழுத்து

இந்த ஸ்கேன் அறைத் திறப்பு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் பெரிய டாக்டர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் கால்நடை மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் முதுகு வலித்தாலும் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளைக்கு முன்னால் வளர்த்த நாய்க்குத் தட்டு வைக்கும் தாய்மார்களே! பூனையைக் கூடையோடு கூட்டத்துக்கே கொண்டுவந்துவிட்ட நீலச்சட்டைத் தம்பியே! உங்கள் அனைவருக்கும் இந்த எக்ஸ்ரேக்காரியின் களைத்த வணக்கம்.

கைதட்டாதீர்கள், பூனை மிரளும்.

புதிய கருவியைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். புகழலாம். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் சுமந்து தோள் இறங்கிப்போனவள் நான். கடித்த நாய் எத்தனை, கீறிய பூனை எத்தனை, கொத்திய கிளி எத்தனை! அத்தனையையும் அணைத்துப் பிடித்துப் படம் எடுத்த கை இது. இந்தக் கை செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் புகழ்ந்து பேச எனக்கு நா எழவில்லை.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எந்தப் பக்கத்து எலும்பு என்று காட்டுமா? காட்டாது. அதற்காகத்தான் ஈயத்தில் செய்த ஒரு சின்ன எழுத்தைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்போம். இடதுக்கு ஓர் எழுத்து, வலதுக்கு ஓர் எழுத்து. நகம் அளவுதான் இருக்கும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் தம் கிழட்டு நாயைத் தூக்கி வந்தார். பெரியவன் என்றுதான் அதைக் கூப்பிடுவார். முன்னங்கால் இரண்டுமே தேய்ந்த நாய். "வலது காலும்மா. நம்ம பெரியவன் நாலு நாளா அதை ஊனவே மாட்டேங்கிறான்" என்றார். அன்றைக்கு அது முப்பத்தோராவது படம். எழுத்து வைக்க மறந்தேன். பிறகு நினைவிலிருந்து எழுதினேன், இடது என்று.

அறுவை அறை வாசலில், மழித்த காலைப் பார்த்து அவர் மறித்தார். "அம்மா, இந்தக் கால் இல்லம்மா, வலது கால்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படம் பொய் சொல்லுமாண்ணே? போய் உட்காருங்க."

இடது மூட்டைத் திறந்தார்கள். உள்ளே பழைய தேய்மானம்தான், படத்தில் தெரிந்த கோளாறு இல்லை. மறுபடி படம், மறுபடி கத்தி. நாய் பிழைத்தது, ஆனால் இரண்டு காலும் புண்.

"யார் இடதுன்னு சொன்னது?" என்று பெரிய டாக்டர் கேட்டார். "வளர்க்கிறவர்தான் சொன்னார், டாக்டர்" என்றேன். டாக்டர் அவரை அழைத்துக் கடிந்துகொண்டார். அந்த மனிதர் கத்தினாரா? என்னைக் காட்டிக்கொடுத்தாரா? தலையைக் குனிந்து, "முதல் நாள் பதட்டத்துல நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போல" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

மேடையில் சலசலக்கிறீர்கள். டாக்டர் முகமும் மாறுகிறது. மாறட்டும், ஐயா. நாளைக்கே வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, இதைச் சுமக்க இனி என்னால் முடியாது.

புதிய கருவி புழுவளவு கட்டியையும் புட்டுப் புட்டு வைக்கும். ஆனால் அன்றாடம் பார்க்கும் கண்ணுக்குத் தெரிந்ததை அரை நிமிடம் பார்க்கும் கருவி அழிக்கலாமா? வளர்த்தவர் வாய் திறந்தால் படித்தவர் வாய் மூட வேண்டாமா? அவர் விரல் வைத்துக் காட்டாமல் இந்த அறையில் ஒரு படமும் எடுக்கக் கூடாது. என் வேண்டுகோள் அவ்வளவுதான்.

ஐந்தாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அண்ணே! பெரியவன் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டான்னு இப்ப வாசல்ல சொன்னீங்க. 'நான் ஒழுங்கா சொல்லியிருந்தா கடைசி வரைக்கும் நல்லா நடந்திருப்பான்'னு கண்ணைத் துடைச்சீங்க. அண்ணே, நீங்க ஒழுங்காத்தான் சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. எழுத்து வைக்காதது நான். பொய் சொன்னதும் நான்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. அண்ணனுக்கு, தலை தாழ்ந்த வணக்கம்.