ஏ ஷிஃப்ட் கப்பு, பி ஷிஃப்ட் காது

அந்த சேர் வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி இதுல உக்காருங்க. ஜெபதுரை சார் வந்துருவாரு. உங்கள கூட்டியாறேன்னு ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்காரு. நீங்க என்னடான்னா பஸ்ல வந்து, ஆட்டோ புடிச்சு, நேரா இங்க எறங்கிட்டீங்க. போன் அடிச்சுச் சொல்லியாச்சு. ஆனா ஓசூர் ரோட்டுல ஒரு கார் திரும்பணும்னா முன்னாடி எத்தன கன்டெய்னர் லாரி திரும்பணுமோ. அதுவரைக்கும் நான் இருக்கேன், பேசிட்டிருக்கலாம்.

நானா? வின்சி. பிளஸ் டூ. இங்க வேலைக்கெல்லாம் இல்ல சார். எங்கம்மா பவுலினா, இங்க பி ஷிஃப்ட். கப்புக்கு காது ஒட்டுறாங்க. அதான் சார், கைப்பிடி. நீங்க பெரிய வார்த்தையா சொல்வீங்க, நாங்க காதுன்னு சொல்வோம். எங்கப்பா லாரில போனா வர ஒரு வாரம் ஆகும். வீட்ல தனியா எதுக்குன்னு, ஸ்கூல் விட்டா நேரா இங்க வந்து சாப்பாட்டு ரூம்ல உக்காந்து படிப்பேன். சரி சரி, படிக்கிற மாதிரி உக்காருவேன்.

உங்கள எப்படித் தெரியுமா? நல்லா கேட்டீங்க போங்க. சாப்பாட்டு ரூம் டிவில தினமும் நீங்கதான் சார். சீரியல் போடுங்கன்னு கேட்டதுக்கு, ஜெபதுரை சார் அறிவ வளர்த்துக்கங்கன்னு உங்க வீடியோவ போட்டு உட்டுட்டாரு. முத்துக்குமார், கோயமுத்தூர், தர மேம்பாட்டு ஆலோசகர். ஏனுங், குத்தவாளிய தேடாதீங், குத்தத்த தேடுங்! கேளுங், கேட்டுட்டே இருங்! பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வருது. நாங்க ரசம் ஊத்திக்கறதே உங்க குரலக் கேட்டுட்டுத்தான்.

அட, எல்லார் குரலும் வரும் சார். டீச்சருங்க குரல்ல பேசுனதுக்காகவே கிளாஸ விட்டு வெளிய நின்னிருக்கேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். கப்புல காது விரிசல் உடுதே, அது எந்த ஷிஃப்ட்டோட தப்புன்னு ரிப்போர்ட் குடுக்கத்தானே? நீங்க எத கை காட்டுறீங்களோ அந்த ஷிஃப்ட்டுக்கு வேல இல்லன்னு சார் எல்லாரையும் நிக்க வெச்சே சொல்லிட்டாரு. சக்கரத்துல கப்பு செய்ற ஆம்பளைங்கள அனுப்பிட்டா கம்பெனியே இல்ல. காது ஒட்டுற பொம்பளைங்கள அனுப்பிட்டா, சூளகிரில இருந்து வேற பொம்பளைங்க வருவாங்க. அப்ப யாரு போவான்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். எங்கம்மா இந்த வாரம் முழுக்க சோறு சரியா துன்னல.

உங்க மேல கோவமெல்லாம் இல்ல சார். தண்ணி குடிங்க. முழுக் கதையையும் கேட்டுட்டு எழுதுங்கன்னுதான் சொல்றேன்.

ஜெபதுரை சார் முன்னாடி எங்க இருந்தாருன்னு தெரியும்ல? வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்ற கம்பெனில குவாலிட்டி ஹெட்டு. ரிட்டயர் ஆனாரு. மனுசன் கம்முனு வீட்ல இருக்கலாம்ல? பெங்களூர்ல காபிக் கடைல கையால செஞ்ச கப்புக்கு அடிச்சுக்கறாங்க, கொஞ்சம் கோணலா இருந்தா இன்னும் அடிச்சுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, இந்த ஷெட்ட எடுத்துட்டாரு. மண்ணு வாங்குனாரு, சக்கரம் வாங்குனாரு, சூளை வாங்குனாரு. எல்லாத்துக்கும் முன்னாடி சைரன் வாங்குனாரு.

சிரிக்காதீங்க, நெசமா. கம்பெனின்னா சைரன் வேணும்மா, ஷிஃப்ட் வேணும்மா, இல்லன்னா அது குடிசைத் தொழில்மா. அது அவரு குரல். சத்தமா செய்ய மாட்டேன், ஆபீஸ்ல இருக்கற ருக்மணி அக்கா எந்திரிச்சு நின்னுரும்.

அப்ப ஷிஃப்ட் எப்படின்னா, காலைல ஏ ஷிஃப்ட், திருமலை அண்ணன் டீமு. கப்பு மட்டும் செய்வாங்க. மத்தியானம் சைரன் அடிச்சா அவங்க வெளிய, பி ஷிஃப்ட் உள்ள. எங்கம்மாங்க காத உருட்டி, கப்புலயும் காதுலயும் முள்ளுக்கரண்டியால கீறி, கரைச்ச மண்ணத் தடவி, அழுத்தி ஒட்டுவாங்க. ஒரு ஷிஃப்ட்காரங்க மூஞ்சிய இன்னொரு ஷிஃப்ட் பாக்கறது கேட்டுலதான்.

இதுல என்ன தப்புன்னா கேக்கறீங்க? இருங்க. கப்பு ஈரமா இருந்தா பலகைல ஒட்டிக்கும், எடுக்கும்போது அடி பிஞ்சுக்கும். அது ஏ ஷிஃப்ட் கணக்குல டேமேஜ். அதனால சார் ஒரு ரூல் போட்டாரு. ஏ ஷிஃப்ட் கப்ப குடுக்கும்போது, தொட்டா கைல ஈரம் ஒட்டக்கூடாது. திருமலை அண்ணன் சும்மா இருப்பாரா? ஆளு உயரத்துக்கு ஒரு ஃபேனு வெச்சாரு. ஏம்மா, நா டார்கெட் நாக்கு முக்கியம்மா, உன் காது என்னானா நேனு ஏம் சேசேதி? உன் காது என்னானா நான் என்ன பண்றதுங்கறாரு. அவருக்கு வீட்ல தெலுங்கு சார், டென்ஷன் ஆனா ரெண்டும் கலந்து வரும்.

இங்கிட்டு பி ஷிஃப்ட்டுக்கு என்ன ரூலு? காது பழசா இருக்கக்கூடாது, அப்பப்ப புதுசா உருட்டணும். அது தண்ணி சொட்ட ஈரமா இருக்கும். கப்பு ஃபேன் காத்துல அப்பளம் மாதிரி இருக்கும். ரெண்டையும் ஒட்டுனா? ஒட்டும்போது அழகா ஒட்டும் சார். அப்புறம் காது காயக் காய சுருங்கும். கப்பு ஏற்கனவே சுருங்கி முடிச்சாச்சு, அது அசையாது. காது இழுக்கும், கப்பு வராது. ஒட்டுன எடத்துல முடி மாதிரி ஒரு கோடு. சூளைல போட்டு எடுத்தா அந்தக் கோடு வாயப் பொளந்து சிரிக்கும்.

ஆமா, இப்ப சொல்றப்ப ஈஸியாத்தான் இருக்கு. அன்னிக்கு யாருக்குத் தெரியும்? திருமலை அண்ணனுக்கு கப்பு தெரியும், எங்கம்மாவுக்கு காது தெரியும். எங்கம்மாவே, காரு டயர மாத்தற மாதிரி கப்ப புடிக்கறானுங்க, அதான் விரிசல்னு ஏ ஷிஃப்ட்டத் திட்டிட்டு இருந்தாங்க. சாயங்காலம் ஆனா, கரைச்ச மண்ணு இருக்கற வாளி மேல கைய வெச்சு ஜெபம் வேற.

ஜெபதுரை சார் மீட்டிங் போட்டாரு. போர்டுல ஒரு மீன் முள்ளு வரைஞ்சாரு. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு காரணம் சொல்லணும். நம்ம தண்ணி சரியில்லன்னு ஒரு முள்ளு. பெங்களூர் காத்து இந்தப் பக்கம் வீசுதுன்னு ஒரு முள்ளு. பி ஷிஃப்ட் வாய் ஓயாம பேசுதுன்னு ஒரு பெரிய முள்ளு. ஏ ஷிஃப்ட் பாட்டு கேக்குதுன்னு எங்கம்மா எழுந்து ஒரு முள்ளு. கடைசில மீனே தெரியல, வெறும் முள்ளுதான்.

அப்புறம் நெட்ல பாத்தாராம், கரைச்ச மண்ணுல வினிகர் ஊத்தணும்னு. ஊத்துனாங்க. ரெண்டு வாரம் ஷெட்டு முழுக்க ஊறுகா வாசம், மாங்கா இருக்கான்னு வர்றவன் போறவனெல்லாம் கேட்டான். விரிசல் அப்படியேதான் வந்துச்சு. திருமலை அண்ணன் ரேக்குல எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டுனாரு. சார் அதப் பாத்துட்டு, தேவையற்ற பொருள்னு அதுக்கு செவப்பு அட்டை மாட்டுனாரு. மூணும் சேந்து தொங்கும்போது திருஷ்டிக்கு இன்னும் எடுப்பா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒரு நாள் ஏ ஷிஃப்ட் வேன் சூளகிரிகிட்ட நின்னு போச்சு சார். கியர் பாக்ஸோ என்னமோ. அவங்க வந்து சேரவே மத்தியானம். பி ஷிஃப்ட்டும் வந்துருச்சு. சைரன் அடிச்சாச்சு, யாரு வெளிய போறதுன்னு யாருக்கும் தெரியல. ஃபேன போடக்கூட நேரமில்ல. இவங்க செய்யச் செய்ய, அவங்க பக்கத்துலயே உக்காந்து காது ஒட்டுனாங்க. கப்பும் ஈரம், காதும் ஈரம். நகத்த வெச்சா தடம் விழும், ஆனா அமுங்காது, அந்தப் பதம். வைக்க எடமில்லாம எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட்டப் போத்திட்டுப் போயிட்டாங்க. மெதுவா காஞ்சுச்சு. சூளைல போட்டு எடுத்தா, ஒரு கப்புல ஒரு கோடு கெடையாது!

சார் டான்ஸ் ஆடாத குறை. ஒடனே மீட்டிங். அன்னிக்கு என்ன புதுசா நடந்துச்சு, சொல்லுங்க, சொல்லுங்க. ஒருத்தர், அன்னிக்கு டீ லால் பாஷா கடைல இருந்து வந்துச்சுன்னாரு. இன்னொருத்தர், அன்னிக்குத்தான் தரம் நம் உயிர்னு புது போஸ்டர் ஒட்டுனோம்னாரு. எழுதிக்கிட்டாரு! அடுத்த நாள்ல இருந்து லால் பாஷா டீ மட்டும்தான். எல்லாச் சுவத்துலயும் அந்தப் போஸ்டர், பாத்ரூம்ல கூட. லால் பாஷா பாய்க்கு ஒண்ணும் புரியல. என்னம்மா, நம்ம டீயக் குடிச்சா கப்பு ஒடையாதாமே, இஞ்சி போட்டா தட்டும் ஒடையாதான்னு என்கிட்ட கேக்கறாரு.

வேன் லேட்டானத யாருமே சொல்லலையான்னா, எப்படி சார் சொல்லுவாங்க? அதுக்கு ஏ ஷிஃப்ட்டுக்கு அன்னிக்கே மெமோ குடுத்தாச்சு. மெமோ குடுத்த விஷயம் எப்படி நல்ல விஷயமா இருக்க முடியும்? நான் எங்கம்மாகிட்ட சொன்னேன். அம்மா, அன்னிக்கு நீங்க ரெண்டு ஷிஃப்ட்டும் ஒண்ணா உக்காந்தீங்க, அதான். வாய மூடுடி, பெருசா கண்டுபுடிச்சுட்டா, படிக்கற வேலையப் பாரு. அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது கைய அப்படியே வெச்சுட்டு யோசிச்சாங்க. அடுத்த நாள் சார்கிட்ட போயி, தயங்கித் தயங்கி சொல்லியும் பாத்தாங்க. பவுலினா, ஷிஃப்ட்ட கலைச்சா அது கம்பெனியாம்மா? சந்தையாம்மா? அதோட முடிஞ்சுது. விரிசல் திரும்ப வந்துச்சு. அன்னிக்குத்தான், முத்துக்குமார் சாரையே வரச் சொல்லிட்டேன், அவரு சொன்னா அதுதான் முடிவுன்னு சொன்னாரு.

எது? ஆமா சார், நீங்க வரும்போது பாத்தது சரிதான். இப்ப ரெண்டு ஷிஃப்ட்டும் ஒரே மேசைலதான் எதிரெதிரா உக்காந்திருக்காங்க. ஃபேனுக்கு சாக்கு கட்டியாச்சு. திருமலை அண்ணன் கப்ப எடுத்து நீட்டுறாரு, எங்கம்மா நகத்த வெச்சுப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் ஆறட்டும் அண்ணாங்கறாங்க. கடைசியா ரெண்டு தடவ சூளை தொறந்ததுல விரிசலே இல்ல. சார் இத தற்காலிக ஏற்பாடுன்னு சொல்லி வெச்சிருக்காரு. நீங்க நேர்ல வந்து சரின்னு சொன்னா நிரந்தரமாம்.

யாரு மாத்தச் சொன்னதா? நீங்கதான் சார்.

முழிக்காதீங்க. போன வாரம் ஒரு சாயங்காலம் ஜெபதுரை சாருக்கு போன் அடிச்சீங்களே. உங்க நம்பர்ல இருந்து இல்ல, எங்க கிளாஸ் ரிஹான் போன்ல இருந்து. ஏனுங் ஜெபதுரை சார், நம்ம போன்ல சார்ஜ் இல்லீங், டிரைவரு போன்ல இருந்து பேசறனுங். ஏ-வையும் பி-யையும் ஒண்ணா உக்கார வெச்சுப் போடுங். ஃபேன நிறுத்துங். ஒட்டுனத போத்தி வைங். நானு வந்து பாக்கறனுங். உங்க குரல் கொஞ்சம் மெல்லிசு சார், தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு. எங்கம்மா சொன்னப்ப சந்தைன்னாரு. நீங்க சொன்னதும் எந்திரிச்சு நின்னு சரிங்க சார், சரிங்க சார்ங்கறாரு. சேர் பின்னாடி போற சத்தம் போன்லயே கேட்டுச்சு.

இந்த முறைக்கு ஜப்பான்ல என்ன பேருன்னு வேற கேட்டாரு. அத நான் எதிர்பாக்கல. எங்க தெருல டாமின்னு ஒரு நாய் இருக்கு, அதுதான் ஞாபகம் வந்துச்சு. டாமிகோன்னுட்டேன். இப்ப போர்டுல பெருசா எழுதி வெச்சிருக்காரு, உள்ள போனா பாப்பீங்க. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிருங்க.

பொய்யா? அப்ப இதக் கேளுங்க. சூளை தொறந்த அன்னிக்கு அவரு கப்பு போட்டோவ உங்களுக்கு அனுப்பி, எல்லாம் உங்க தயவு சார்னு போட்டாரா இல்லையா? நீங்க ரெண்டு கும்புடு போட்டு, உங்க ஒத்துழைப்புக்கு நன்றின்னு பதில் போட்டீங்களா இல்லையா? அத எல்லாருக்கும் காட்டுனாரு சார். நான் அன்னிக்குத்தான் பயந்து செத்தேன், மாட்டிக்குவேன்னு. எது என் தயவுன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கவே இல்ல.

இல்ல சார், வெளிய சொல்ல மாட்டேன். எனக்கு எதுக்கு? கண்டுபுடிச்சது நீங்கதான், கோயமுத்தூர்ல இருந்தே, ஒரு கப்பக் கூடக் கண்ணால பாக்காமயே. அடுத்த வீடியோவுல சொல்லிக்கங்க, நாங்க ரசம் ஊத்திக்கிட்டே கேக்கறோம். ஆனா நீங்க போன் பண்ணவே இல்லன்னு சொல்லிட்டா, திங்கக்கிழமை மறுபடி சைரனு, மறுபடி ஃபேனு. எங்கம்மா வீட்ல. அவ்ளோதான், உங்க இஷ்டம்.

கேட்டுல ஹாரன் கேக்குது பாருங்க. அவருதான். கையில சால்வை வெச்சிருக்காரு.

எந்திரிங்க சார். அப்புறம் ஒண்ணு, அன்னிக்கு குரல் கொஞ்சம் பிசிறுச்சு, சளி புடிச்சிருக்குதுங்கன்னு சொல்லி சமாளிச்சேன். வந்ததும் சளி தேவலையான்னுதான் மொதல்ல கேப்பாரு. ரெண்டு தடவ இருமிட்டுப் போங்க.