ரெண்டாவது கோடு

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வெறும் முட்டைத் தட்டுகளை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:

“ரெண்டு கோடு விழுந்ததும் நான் சிரிச்சுப்போட்டன் அக்கா.”

“என்ன கோடு?”

“கோழிச் சளியில கிருமி இருக்கோ எண்டு பாக்கிற டெஸ்ட் பட்டி. மிருக வைத்தியர் கொண்டுவந்தவர். தங்க நானோத் துகள் போட்டதாம், தூசியை விடச் சின்னன். கிருமி கொஞ்சம் இருந்தாலும் ரெண்டாவது கோடு சிவப்பா விழுமாம்.”

“அப்ப கோழியளுக்கு வருத்தம் வந்திட்டுது எண்டுதானே?”

“ஓம். எல்லாக் கோழியையும் குழி வெட்டித் தாட்டாச்சு.”

“அதுக்கு ஏன் பிள்ளை சிரிச்சனீ?”

அவள் தட்டுகளைச் சரியாக அடுக்கினாள்.

“கலியாணம் கட்டி ஒன்பது வருஷமா, வயித்தில பிள்ளை தங்கியிருக்கோ எண்டு அப்பிடியொரு பட்டியிலதான் பாக்கிறனான். எப்பவும் ஒரு கோடுதான். ரெண்டாவது கோட்டை நான் கண்ணால கண்டது அண்டைக்குத்தான்.”