பச்சைதானே மாப்பிள்ளை

அந்தத் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்திலேயே உங்கள் போன் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். டேட்டாபேஸ் பார்க்கிறவன் புத்தி அப்படி.

முதலாளி உங்களை விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை கவனக்குறைவாக இருந்தாரா என்று கேட்கிறீர்கள். மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். இங்கே ஆப் எழுதுகிறவர் அவர். அதற்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸைக் கட்டிக் காக்கிறவன் நான். யாருக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்ற விவரமெல்லாம் என்னிடம் இருக்கும். வேளை வந்ததும் அவருடைய ஆப் மணியடித்துச் சொல்லும். வேலை ஆளுக்குப் பாதி. பேர் மட்டும் முழுசாக அவருக்கு.

என் அம்மாவும் அந்த ஆப்பைத்தான் வைத்திருக்கிறாள். மணி அடிக்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்பாள். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"நீயும் அங்கதானேடா இருக்கே, உனக்கு என்ன வேலை?" என்று ஒருநாள் கேட்டாள்.

எதுவும் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எதுவுமே கெடலியே. அப்புறம் என்னத்தைப் பார்க்கிறே?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முறை கெட்டால் போதும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். நான் வந்து, தினமும் பத்திரமாக எடுத்து வைக்கும் பேக்கப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மக்கள் பயன்படுத்தும் அசல் டேட்டாபேஸ் திறந்திருக்கும் திரைக்குச் சிவப்புப் பின்னணி. சோதனைக்கு வைத்திருக்கும் நகலுக்குப் பச்சை. சிவப்பில் கை வைக்கக்கூடாது, பச்சையில் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். நான் கொண்டுவந்த வழக்கம்தான். இதில் ஒரு சங்கடம், கண் நிறத்துக்குப் பழகிவிட்டால் மேலே எழுதியிருக்கும் பேரைப் படிக்காது. உங்கள் அலுவலகத்திலும் இப்படி வைத்திருந்தால் பேரைப் படிக்கச் சொல்லுங்கள்.

வாரக் கடைசியில் மாப்பிள்ளை சோதனை நகலைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். விடுமுறை முடிந்து வந்து புதிதாக நிரப்புவார். அன்று சாயங்காலம் டீ குடிக்கப் போனவர், கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போனார். நான் அவர் திரைகளில் இரண்டு நிறங்களையும் இடம் மாற்றி வைத்தேன்.

திரும்பி வந்தவர் வழக்கம்போல என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். என்னைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார், தங்கமான மனுஷன்.

"மச்சான், டெஸ்ட்டைக் காலி பண்ணிடட்டுமா?"

"பச்சைதானே மாப்பிள்ளை, பண்ணுங்க" என்றேன்.

அவர் அழித்துவிட்டுக் கிளம்பிப் போனதும் நிறங்களைப் பழையபடி வைத்துவிட்டு நானும் வீட்டுக்குப் போனேன்.

அம்மா சிரித்த முகத்தோடு போனைக் காட்டினாள். 'இன்று உங்களுக்கு மருந்து எதுவும் இல்லை' என்று இருந்தது, பக்கத்தில் ஒரு பூவும் இருந்தது. பட்டியல் காலியாக இருந்தால் அப்படிக் காட்டும்படி மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவருக்கு இந்த மாதிரி அலங்காரமெல்லாம் பிடிக்கும்.

"இன்னைக்கு மாத்திரைக்கு லீவாம்டா" என்றாள் அம்மா.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பாள், உடனே மாப்பிள்ளைக்குப் போன் போடுவாள். அவர் பதறி ஓடிவருவார். நான் மீட்டுக் கொடுக்கும் கதை தொடங்கும் முன்பே சப்பென்று ஆகிவிடும். "சரிம்மா, போய்ப் படு" என்றேன். மறுநாளும் லீவு, அதற்கு மறுநாளும் லீவு. இரத்த அழுத்தக்காரிக்கு மாத்திரை இல்லாத விடுமுறை. பாவம், சந்தோஷமாக இருந்தாள்.

விடுமுறை முடிந்து போனால் அலுவலகத்தில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "பேக்கப் இருக்கு சார், கவலையை விடுங்க" என்றேன். அந்த நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார், கண்ணில் தண்ணீரோடு. நன்றாகத்தான் இருந்தது.

பேக்கப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்க் எப்போதோ நிறைந்துபோய், காலி கோப்புகளாகவே எழுதியிருக்கிறது. 'பேக்கப் முடிந்தது' என்ற செய்தி மட்டும் தினமும் எனக்குத் தவறாமல் வந்தது. என்ன நடந்தாலும் அந்தச் செய்தியை அனுப்பும்படி எழுதியதும் நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும். பேக்கப்பை எடுத்தால் மட்டும் போதாது, அவ்வப்போது அதிலிருந்து மீட்டும் பார்க்க வேண்டும்.

அன்று மத்தியானம் அம்மா சமையலறையில் விழுந்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள். வலது கை மட்டும் இன்னும் எழும்பவில்லை. மற்றவர்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்பது உங்கள் கையில் இருக்கும் காகிதங்களில் இருக்கும். எனக்குப் படிக்க மனசு வரவில்லை.

"சத்தியமா பச்சையிலதான் அடிச்சேன் மச்சான்" என்று மாப்பிள்ளை அழுதார். போய்ப் பார்த்தால் அழிந்துபோன டேட்டாபேஸின் திரை சிவப்பாக இருந்தது. முதலாளி அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றதும் மனுஷன் இன்னும் ஒடிந்துபோனார். இப்போது தெருவில் சிக்னலைக் கடக்கும்போதுகூடத் தங்கையிடம் நிறம் கேட்கிறாராம். நேற்று ஆஸ்பத்திரியில் அம்மா இடது கையால் அவர் தலையைத் தடவி, "அழாதீங்க மாப்பிள்ளை, இத்தனை பெரிய பொறுப்பை ஒத்தை ஆளாத் தாங்கினீங்க, ஒரு தடவை தவறாதா?" என்றாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் வேலை போயிருக்கும், என்னுடையது நிலைத்திருக்கும். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருப்பதை இங்கிருந்தே படிக்க முடிகிறது. 'முழுக்க முழுக்க ஆப் எழுதியவரின் செயல்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நிறத்தை மாற்றியவன் நான், அழிக்கச் சொன்னவன் நான், அம்மாவைப் படுக்கப் போகச் சொன்னவனும் நான். இதையாவது என் பேரில் எழுதுங்கள்.