மாவு மில்லு மாடி இங்கிலீஷ்

— மறுபடியும் சொல்லு செல்வி. விசா ஆபீசர் கேக்கான்: "வொய் ஆர் யூ கோயிங் டு அமெரிக்கா?"

— "ஐ இஸ் கோயிங் ஃபார் மை டாட்டர்."

— அரே, "ஐ இஸ்"ஸா? நமக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஜஹாங்கீர் சார் இருந்திருந்தா சாக்பீஸாலயே எறிஞ்சிருப்பாரு. கிளாஸ்லயே நீதானளா கெட்டிக்காரி! உன் வாயைப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் பேசவே பழகினோம்.

— வயசாச்சுல்லா பார்ட்னர். எல்லாம் மறந்துபோச்சு.

— பார்ட்னர்! அதை மட்டும் மறக்கல பாரு. தாராவியில இப்ப எல்லாவனும் என்னை நயினாரு சேட்டுங்கான். நாலு பேக் தைச்சு விக்கிறவனுக்கு வந்த மவுசு.

— சார்தான ஜோடி பிரிச்சு உக்கார வச்சாரு? ஒரு ஆளு கேக்கணும், பார்ட்னர் பதில் சொல்லணும். ஆம்பளப் பையன்கூட உக்காந்தேன்னு எங்கம்மா எத்தனை நாளு என்கூடப் பேசல தெரியுமா?

— கீழ மாவு மில்லு, மேல கிளாஸ். மில்லு ஓட ஆரம்பிச்சா சார் கத்துவாரு, நாமளும் கத்துவோம். நம்ம லேபர் கேம்ப் ஏரியா முழுக்க "ஷீ டஸ் நாட் ஈட் மட்டன்"னு கேக்கும்.

— வீட்டுக்குப் போறப்ப தலையெல்லாம் வெள்ளையா மாவு அப்பிக் கிடக்கும். இப்ப மாவு இல்லாமலே வெள்ளை.

— சிரிக்காத. விடிஞ்சா பி.கே.சி.யில அமெரிக்கா விசா ஆபீஸ்ல போயி நிக்கணும். ஹிந்தியில பேசினாலும் போதும்னு உன் மக சொன்னாளாமே? உன் ஹிந்தியைக் கேட்டா காய்கறிக்காரனே பயந்து விலையைக் குறைப்பான்.

— இங்கிலீஷ்லதான் பேசுவேன்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன்.

— நின்னேல்லா, அப்ப ஒழுங்காப் பேசு. இப்ப கேக்கேன். "வில் யூ கம் பேக் டு இண்டியா?"

— "யெஸ், ஐ வில் கம் பேக். நோ, ஐ வில் நாட் கம் பேக்."

— போச்சு! ஏளா, இது சாரோட கிளாஸ் இல்ல. என்ன கேட்டாலும் முதல்ல யெஸ்ல ஒண்ணு, பொறவு நோவுல ஒண்ணு, ரெண்டு பதிலும் சொல்லணும்னு அவரு போட்ட சட்டம் மில்லோட போச்சு. இவன்கிட்ட ஒண்ணுதான் சொல்லணும்.

— பழக்கம் விட மாட்டேங்கு. கல்யாணமான புதுசுல அவிய "சாப்பிட்டியா"ன்னு கேட்டாக்கூட மனசுக்குள்ள ரெண்டு பதிலும் வரிசையா ஓடும்.

— அந்தச் சட்டத்தால என் பாடு... சரி, விடு.

— என்ன விடு? சொல்லுங்க.

— ஒருநாள் நல்ல மழை. ரயில் எல்லாம் நின்னு, கிளாஸுக்கு நாலஞ்சு பேருதான் வந்திருந்தோம். புக்குல இல்லாத கேள்வி ஒண்ணு உன்கிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— "வில் யூ மேரி மீ?"

— அரே! இருக்கா?

— பதிலும் இருக்கு. "யெஸ், ஐ வில் மேரி யூ."

— அதோட நிறுத்துனியா? "நோ, ஐ வில் நாட் மேரி யூ"ன்னு மில்லுச் சத்தத்துக்கு மேல கத்தினியே. கடைசியாச் சொன்னதுதான் உன் மனசுன்னு எந்திரிச்சு மழையில நனைஞ்சிக்கிட்டே போனேன். பொறவு அந்தத் தெருப் பக்கமே வரல.

— ஐயோ, உங்க முதுகுக்குப் பின்னாலதான சார் நின்னுக்கிட்டு இருந்தாரு! கேள்வி நல்லா இருக்குன்னு தலைய வேற ஆட்டினாரு. பாதியில நிறுத்தினா, மிச்சம் எங்கன்னு பிரம்பால பெஞ்சைத் தட்டுவாரே. முதல்ல சொன்னது உங்களுக்கு. ரெண்டாவது சாருக்கு.

— அதை ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லியிருக்கலாமே செல்வி.

— கேட்டவியளும் தமிழ்ல கேட்டிருக்கலாம்லா? வருவிய வருவியன்னு மாடிப்படியையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். பொறவு அப்பா திலக் நகர்ல மாப்பிள்ளை பேசி முடிச்சிட்டாரு. நல்ல மனுசன். கடைசி வரைக்கும் என்னைக் கண்கலங்க விடல.

— எனக்கு வாய்ச்சவளும் தங்கம்தான். ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாவ. நாமதான் கிடந்து பழங்கதை பேசுதோம். சரி, டீ ஆறுது, குடி. உன் மக ஆசையாக் கூப்பிடுதா. ஆறு மாசம் பேத்தியைத் தூக்கி வச்சுக் கொஞ்சிட்டு வா.

— என்ன ஆறு மாசம்? லேபர் கேம்ப் வீட்டுக்கு வாடகைக்கு ஆளு பாத்தாச்சு பார்ட்னர். பீரோ, கட்டில் எல்லாம் கொடுத்தாச்சு. நான் திரும்பி வாரது அவ யோசனையிலேயே இல்ல.

— எனக்கும் தெரியும். கஷ்டமாத்தான் இருக்கு, மறைப்பானேன்? போன வருஷம் சயான் ஸ்டேஷன்ல உன்னைத் திரும்பப் பாத்தேன் பாரு, அன்னையில இருந்து சாயங்காலம் ஆனா என் கண்ணு கடை வாசல்லதான் கிடக்கு. அதுக்காக உன்னைத் தடுப்பனா? பெத்த மக கூப்பிடுதா. உன்னைத் தேற வைக்கிறது என் பொறுப்பு. "ஐ ஆம்"ல இருந்து ஆரம்பி.

— நயினாரு.

— என்னளா, பேரைச் சொல்லிட்ட?

— "ஐ ஆம் கோயிங் டு விசிட் மை டாட்டர். பட் ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஆல் மை லைஃப், அண்ட் ஐ டோன்ட் வான்ட் டு லீவ்."

— அரே, ஒரு தப்புக்கூட இல்லியே! அப்ப இவ்வளவு நேரமா என்னை ஏமாத்திக்கிட்டா இருந்த?

— மககிட்ட வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. விசா கிடையாதுன்னு அந்த ஆபீசரே சொல்லட்டும்னுதான் நான் தப்புத் தப்பாப் பேசிப் பழகுதேன், நீங்க என்னன்னா விடாமத் திருத்திக்கிட்டே இருக்கிய!